கோழிக்கும் தெரிய வாணாமா?

போன வெள்ளிக்கிழமை பலாபத்வலைச் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பஸ் நின்றது. பஸ் நிற்பது ஒரு செய்தியா? இல்லை. ஆனால் நின்ற பஸ் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குக் காரணம்... நான்.

வாராவாரம் என்னை வாசிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு வேலை தபால் கந்தோரில். எங்களுக்கு எதிரே ஹனீபா நானா புதிதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். கதிரை, மேசை, சமையல்காரர் எல்லாம் வந்தாயிற்று. போர்ட் எழுதும் பெயிண்டர் மட்டும் மாத்தளையில் காய்ச்சலோடு படுத்துவிட்டார்.

"நாளைக்கு ஜும்மா முடிய கடை திறக்கணும், மிஸ். போர்ட் மொட்டையா இரிக்கி. ஒரு கோழிப் படமாவது இல்லாட்டி அது என்னா கடை?" என்று கவுண்டரில் நின்று புலம்பினார்.

"நான் வரைஞ்சு தாரேன், நானா."

சொன்னது என் வாய்தான். நம்ப எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது!

சின்ன வயதில் என் கையில் கரித்துண்டு கிடைத்தால் எந்தச் சுவரும் தப்பாது. கணக்குக் கொப்பியில் கணக்கைவிடக் கோழிகள் அதிகம். பிறகு பரீட்சை, உத்தியோகம், கல்யாணம், பிள்ளைகள்... வரைவதை எப்போது விட்டேன் என்று கேட்டால் விழிப்பேன். யாரும் தடுக்கவில்லை. தானாக நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பலகையை முற்றத்தில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். அடுப்பை மறந்தேன். பிள்ளைகள் பசி என்றது காதில் விழவில்லை. சிவப்புப் பெயின்ட் கொண்டைக்கே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது ஜன்னல் கம்பிக்கு அடித்த கறுப்பு. அதனால் என்ன? ஊரில் கறுப்புக் கோழி இல்லையா?

முடித்து நிமிர்ந்தபோது தலைமயிரெல்லாம் பெயின்ட். மனசெல்லாம் பத்து வயது.

கணவர் வந்து நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு... கோழின்னே முடிவு பண்ணிட்டியா?"

பொறாமை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் போர்டைக் கடை வாசலில் மாட்டிய பிறகு வந்ததுதான் அந்த பஸ். கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "நானா! காக்கா புரியாணி இருக்கா?"

ஹனீபா நானா வீதியைக் கடந்து வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"மிஸ், ஜும்மா முடிஞ்சு பள்ளியால வந்த ஆக்களும் சிரிக்கிறாங்க. சாப்பாட்டுக் கடை, மிஸ்! காக்கா ஆக்குறோமுண்டு கத பரவினா நான் கடைய மூடத்தான் வேணும்."

"அது கோழி, நானா!"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கோழிக்கும் தெரிய வாணாமா?"

என் குஷிக்கு அவர் பிழைப்பு பலியாவதா? சாப்பாட்டு இடைவேளையில் பிரஷோடு ஏணியில் ஏறினேன். சேலையைச் செருகிக்கொண்டு ஒரு தபால் உத்தியோகத்தர் ஏணியில் நின்றால் சந்தி சும்மா இருக்குமா? "வாலத் தூக்குங்க, மிஸ்!" "மூக்கு நீளம்!" ஆளுக்கு ஆள் யோசனை. நானும் விடாமல் திருத்தினேன். திருத்தத் திருத்தக் காக்கை தெளிவானது!

வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் — இறங்க மனமே வரவில்லை.

அப்போதுதான் நானாவின் மனைவியுடைய தம்பி வந்து சேர்ந்தார். கடை திறப்புக்காகக் கல்முனையிலிருந்து வந்தவர். போர்டைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"மச்சான், நீங்க நானா எண்டு சொல்ற அண்ணன எங்கட ஊருல காக்கா எண்டுதானே கூப்பிடுற? மரியாதையான பேரு! இதையே கடைக்கு வையுங்க."

நானா போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்து, கறி வாசத்தில் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"மிஸ், இப்ப இறங்க வாணாம். கீழால 'காக்கா கடை'ண்டு எழுதிட்டு இறங்குங்க."

இப்போது பஸ்காரர்கள் "காக்கா கடையில டீ" என்றே நிறுத்துகிறார்கள். சின்னப் பிள்ளை வரைந்த கோழி காக்கையானால் அது கற்பனை. நாற்பது வயதுக்காரி வரைந்தது காக்கையானால் கம்ப்ளைன்ட். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறோம், இல்லையா?

நான் வைப்பதாக இல்லை. சந்தி சலூனுக்கு ஓர் ஆம்பிளைத் தலை வரைந்து தரச் சொல்லி நேற்று ஆள் வந்தது. ஒப்புக்கொண்டுவிட்டேன். பார்த்து வரைய ஒரு தலை வேண்டுமே!

அதிலிருந்து என் கணவர் வீட்டுக்குள்ளேயும் தொப்பியோடுதான் நடமாடுகிறார்.