மரியாவின் சுருதி

பழைய சாமான்காரரிடம் போட எடுத்த டேப்ரிக்கார்டரின் மூடியைத் திறந்ததும் பழைய ரப்பர் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே, இப்போது அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் விவேக் நகர் ஓட்டு வீடும் வந்துவிட்டது.

அம்மா கென்யாவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பாட்டு டீச்சர். புது கேசட் வாங்க மாட்டாள். வகுப்புப் பயிற்சியைப் பதிந்த கேசட்டின் மேலேயே எங்களுக்குப் பேசி அனுப்புவாள். அப்பாவுக்கு இருமல் நின்றதா, நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று களைத்த குரலில் பத்து நிமிடம் பேசி முடித்ததும், அழியாமல் மிஞ்சிய வகுப்பு சட்டென்று ஆரம்பிக்கும்: பியானோ, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் பிள்ளைகள், நாங்கள் கேட்டே இராத உற்சாகத்தில் அம்மா. சுருதி இறங்குகிற பெண் ஒருத்தியை மட்டும் விடவே மாட்டாள்.

“மரியா, ஃபிளாட்! ஒன்ஸ் மோர்!”

“அம்மா பேசி முடிச்சாச்சில்ல, ஆஃப் பண்ணும்மா” என்பார் அப்பா.

“இருங்கப்பா, கிளாஸ் ஓடுது.”

கேட்டுக் கேட்டே அந்தப் பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடமானது.

லீவில் வந்த அம்மா பகலெல்லாம் தூங்கினாள். பக்கத்து சர்ச்சில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டமும் ஆட்டோ ஹாரனும்கூட அவளை எழுப்பவில்லை. அப்படியொரு மதியம், கட்டிலோரம் உட்கார்ந்து அந்தப் பாட்டை மெதுவாகப் பாடினேன். கண்ணைத் திறக்காமலேயே கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டினாள். பிறகு முனகினாள்:

“மரியா, ஃபிளாட். ஒன்ஸ் மோர்.”

என் பெயர் ஸ்டெல்லா. அதைச் சொல்லாமல், சுருதியை மட்டும் ஏற்றி மறுபடி பாடினேன்.