ஃபிரிட்ஜுக்குள் ஏற்றிய கார்த்திகை விளக்கு

கருகிய பிளாஸ்டிக்கும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் என்ன நாற்றம் வரும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில், தீபத்தன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் அதை மூக்கு நிறைய முகர்ந்தவள் நான்.

எனக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டால்தான் நடமாட முடியும். அந்த மருந்து கெட்டுப்போகக் கூடாது என்றுதான் என் அப்பா ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் ஃபிரிட்ஜ். அதில் என் மருந்துக்குக் கிடைத்தது கதவோரத்தில் ஒரு மூலை. மிச்சமெல்லாம் ஊர்ச்சொத்து. பக்கத்து வீட்டு இட்லி மாவு, எதிர்வீட்டு மல்லிகைப்பூ, யார் வைத்தது என்றே தெரியாத புளித்த தயிர். ஒருமுறை துடைக்கும்போது, ஐஸோடு ஐஸாக ஒரு கரப்பான் உறைந்து கிடந்தது. அந்த ஐஸைத்தான் தெருவே கிண்ணம் நீட்டி வாங்கிப்போனது.

என் வீட்டுக்காரருக்கு ஃபிரிட்ஜ் என்றால் ஐஸ், அவ்வளவுதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று வருகிறவனுக்கெல்லாம் ஐஸ் போட்டுக் கொடுப்பார். எங்கள் மாடியிலிருந்து மலை உச்சி நேராகத் தெரியும். அதனால் அந்த வருஷம் தீபம் பார்க்க ஆபீஸ்காரர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். எல்லாருக்கும் ஐஸ் போட்ட ரோஸ் மில்க் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். கார்த்திகைக் குளிரில், காதில் மஃப்ளர் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஐஸ்! கேட்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று மத்தியானம் ஐஸ் தட்டை இழுத்தால் வரவில்லை. ஃபிரீசருக்குள் பனி கட்டி, தட்டைக் கவ்விக்கொண்டிருந்தது.

“சுவிட்ச நிறுத்திட்டா தானா உருகிடுங்க” என்றேன்.

“அதுக்கு டைம் ஜாஸ்தி ஆவும். நானே ரிப்பேர் பண்ணிக்கிறேன், நீ போய் வேலையப் பாரு” என்றார்.

வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். புகை. சாயங்காலத்துக்காக எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தட்டில் அடுக்கி வைத்திருந்த அகல்களில் ஒன்றை எடுத்து, ஏற்றி, ஃபிரீசருக்குள் வைத்திருந்தார் மனுஷர். காற்றில் அணைந்துவிடக் கூடாதாம், கதவைப் பாதி சாத்தியும் வைத்திருந்தார். ஃபிரீசர் மூடி உருகிச் சளியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதில் கரியும் எண்ணெயும் கலந்து, கீழே தயிருக்குள் சொட்டியது. நான் முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது ஃபிரிட்ஜ் சத்தம் அடங்கி நின்றேபோயிருந்தது.

“இப்ப ஐஸுக்கு இன்னாடி பண்றது?” என்றார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீபக் கூட்டத்தில் மெக்கானிக்கைத் தேடுவது நடக்கிற காரியமா? வேறு மருந்து வேண்டுமென்றால் வேலூருக்குப் போக வேண்டும். ஒரு புது மண்பானையில் பாதி தண்ணீர் ஊற்றி, மருந்து பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தண்ணீரில் படும்படி உள்ளே தொங்கவிட்டேன். பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி மூலையில் வைத்தேன். “இதத் தொடாதீங்க” என்று அவரிடம் சொல்லவும் செய்தேன்.

சாயங்காலம் மாடி முழுக்க விருந்தாளிகள். உச்சியில் தீபம் தெரிந்து அரோகரா சத்தம் எழுந்ததும் நான் வாசலில் அகல்களை ஏற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பானை காலி. கூடத்தில், மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த எல்லார் கையிலும் ரோஸ் மில்க்.

“பானத் தண்ணி ஐஸ் கணக்கா இருந்துச்சு. பால்ல கலந்துட்டேன்” என்றார் பெருமையாக.

“பாட்டில் எங்க?”

“அங்கதான், அடுப்பு பக்கத்துல வெச்சேன்.”

ஸ்டவ்வில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டி நின்ற என் மருந்தைத் தொட்டேன். சுட்டது. கூடத்துக்கு வந்து, “நீங்க குடிக்கிறது என் ஊசி மருந்து ஊறின தண்ணி” என்றேன். ஒருவர் முற்றத்துக்கு ஓடிப்போய்த் துப்பினார். மற்றவர்கள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, என்னைத்தான் அருவருப்பாகப் பார்த்தார்கள்.

“மானத்த வாங்கிட்டியேடி” என்றார் அவர்.

விடிந்ததும் ஊசி போடாமலே தனியாக வேலூர் பஸ் ஏறினேன். தலை சுற்றியது, நாக்கு வறண்டது. மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நேரே அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். ஃபிரிட்ஜ் சரியாகிவிட்டது என்று சேதி வந்த பிறகுதான் திரும்பினேன். நான் பையைக் கீழே வைப்பதற்குள் அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார்.

“பாரு, ஐஸ் எப்டி புடிச்சிருக்கு!”

கதவோரத்தில் என் மருந்து இருந்த மூலையில், ரோஸ் மில்க் எசன்ஸ் பாட்டில் இருந்தது.