தானாக எழும்பிய மடிக்கணினி

முதல் தடவை நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில், நிறுத்தி மூடி வைத்த மடிக்கணினி இரைந்தது. போய்த் திறந்தால் திரை வெளிச்சமாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை வாங்கிப் பாவிக்கிறேன். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்ற பிறகு, அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு அதில் எழுதிக் கொடுத்து வந்தேன். அப்போது கையில் இருந்தது சம்பூர்ப் பெண் ஒருவரின் மனு. அவர்கள் குடியிருந்த காணியில் பாதி இன்னமும் படையினர் அடைத்த கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்.

அந்த ஒரு கிழமைக்குள்ளேயே மூன்று தரம் அது தானாக எழும்பியது. மூன்றாம் தரம் அண்ணா வீட்டில் இருந்தார். சீனன்குடாவில், வாசலில் அடையாள அட்டை காட்டித்தான் உள்ளே போகவேண்டிய ஓரிடத்தில் அவருக்கு வேலை. முகம் கறுத்துப்போனது.

"பிள்ளை, உதுக்குள்ள ஆரோ இருந்து பாக்கினம். நீ எழுதிற கடிதங்களாலதான். விட்டிடு."

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டிக் கமராவின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். எனக்கும் பயமில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் மடிக்கணினியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் என்மீதே எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று தெரியாத ஒன்றுக்கு நான் எதற்காக ஒதுங்க வேண்டும்?

டவுனில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்ட் பழுதாப் போச்சுது, அக்கா. புதுசு வாங்கிறதுதான் நல்லம்" என்றார்.

"ஏன் தானா எழும்புது?"

"அதெல்லாம் உங்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது."

"அப்ப தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கொப்பியில், எழும்பும் நேரங்களை எழுதத் தொடங்கினேன். மவுஸைக் கழற்றிப் பார்த்தேன், எழும்பியது. இணையத்தை நிறுத்தினேன், அப்போதும் எழும்பியது. வெளியிலிருந்து யாரும் எழுப்பவில்லை என்று அன்றைக்கே பாதிப் பயம் போய்விட்டது. இயங்குவதற்கு நேரம் ஏதும் குறித்திருக்கிறதா என்று தேடினேன், ஒன்றுமில்லை.

பிறகு ஒரு முற்பகல் கரண்ட் போனது. வியர்க்க வியர்க்க, நிறுத்தி வைத்திருந்த மடிக்கணினியின் முன்னாலேயே கதிரையைப் போட்டு இருந்தேன். அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்ற அதே கணத்தில் இதுவும் இரைந்தது. கொப்பியில் குறித்திருந்த நேரங்களும் கரண்ட் போய் வந்த நேரங்கள்தான் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுபடி நிறுத்தினேன். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிச் செருகினேன். எழும்பியது. நாலு தரம் செய்தேன். நாலு தரமும் எழும்பியது. தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன்.

இயங்கத் தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தினால் வரும் உள்ளமைப்புப் பக்கத்தில், ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். மின்சாரம் கிடைத்ததும் தானாக இயங்கு என்று பொருள்படும் ஒரு வரிக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டிருந்தது. முன்பு வைத்திருந்த அலுவலகம் தன் வசதிக்குப் போட்டது. எடுத்துவிட்டேன். அதன்பிறகு அது எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்கு முன்னால், அந்த அடையாளத்தைத் திரும்பப் போட்டு ஒரு தரம், எடுத்துவிட்டு ஒரு தரம் வயரைப் பிடுங்கிச் செருகிக் காட்டினேன்.

"ஓம், சரி. எண்டாலும் அந்தக் கடிதங்களை விடன், பிள்ளை. எனக்கு வேலையில கேப்பினம்."

"கேட்டா, நான் சொல்லுக் கேக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ. இது ஏன் எழும்புது எண்டு கண்டுபிடிச்சனான். அந்த வேலியை ஏன் இன்னும் எடுக்கேல்லை எண்டும் கேக்கத்தான் போறன்."

தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார். எனக்கு வருத்தம்தான். ஆனால் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் சம்பூர்ப் பெண் கையெழுத்துப் போட வந்தார். வழக்கமாக எழுதிக் கொடுத்தவர் யாரென்று கடிதத்தில் இருக்காது. அன்றைக்கு அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் பெயரையும் விலாசத்தையும் அடித்தேன்.

"உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?" என்று அவர் கேட்டார்.

"வரட்டும். வந்து கதைக்கட்டும்" என்றேன்.

யாரும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் அப்படித்தான். மூன்றாவது போன பிறகு, காணியை வந்து பார்ப்பதாக இரண்டு வரியில் ஒரு பதில் வந்தது. இன்னும் வந்து பார்க்கவில்லை. நாலாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.