பெயரை மட்டும் மாற்றினேன்

போலீஸ்காரர்களுக்கும் அரசு வக்கீல்களுக்கும் குடும்ப வன்முறை வழக்குகளைப் பற்றி வகுப்பெடுப்பது என் பிழைப்பு. எதிரே இருக்கிற அத்தனை பேருக்கும் என்னைவிடச் சட்டம் தெரியும், சாப்பாட்டு மணி அதைவிட நன்றாகத் தெரியும். பேசிப் பிழைக்கிற சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

டீ வைத்தியம்

சிவகங்கையில் ஒரு நாள். அடிபட்டு வந்த பெண்ணையும் அடித்த புருஷனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள் என்று ஆரம்பித்தேன். முதல் வரிசை இன்ஸ்பெக்டர் சிரித்தார். அப்படிச் சமாதானமாகி வீட்டுக்குப் போனவர்களைப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தவள் நான். அவரோ விடவில்லை. "எங்க ஸ்டேஷன்ல ஒரு டீய வாங்கிக் குடுத்தே எத்தனை குடும்பத்தைச் சேத்து வச்சிருக்கோம் தெரியுமா, மேடம்?"

உதாரணம்

பக்கத்திலிருந்த அரசு வக்கீல், நம்ம பக்கத்தில் நடந்த கேஸ் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புருஷன் மண்ணெண்ணெய் ஊற்றியபோது தப்பி என்னிடம் ஓடி வந்த ஒருத்தியின் கதையைச் சொன்னேன். பெயரை மாலா என்று மாற்றினேன். கீழச்சிவல்பட்டியில் அவனுக்கு சிமெண்டுக் கடை, சாக்கோட்டையில் ஒரு தையல்கடையில் அவள் ஒளிந்து பிழைக்கிறாள் என்பதையெல்லாம் மாற்றத் தோன்றவில்லை. (இங்கே எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். புத்தி வந்துவிட்டது.) எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பெருமை வேறு.

சாப்பாட்டு நேரத்தில் கடைசி வரிசை ஏட்டையா ஒருவர், வாயெல்லாம் பல்லாக வந்தார். இந்தச் சீமையில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது மாமன் மச்சானாகத்தான் இருப்பார்கள், அதை எப்படி மறந்தேனோ. "நீங்க சொன்னது எங்க சின்ன மாமனார் மருமகதான், மேடம். அவுக தேடாத எடமில்ல; பாவம்னு இப்பத்தான் புருஷங்காரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்."

எடுக்காத போன்

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. நான் கிளம்பிப் போவதற்குள் அவன் பைக்கில் போய்ச் சேர்ந்துவிடுவான். மாலாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்றது ஒரு மனசு, வந்துவிட்டான் என்றது இன்னொன்று. காலையிலிருந்து வாயே திறக்காத பெண் ஏட்டு ஒருவர்தான் சாக்கோட்டை ஸ்டேஷனில் இருந்த தன் தோழியைக் கூப்பிட்டார். அந்தத் தோழி ஸ்கூட்டரில் போய் மாலாவை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, அவன் தையல்கடை வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தானாம்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் உளறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன், வேறு ஊர் பார்த்துத் தருகிறேன் என்றேன். டேப்பைக் கழற்றிச் சுருட்டினாள். "அவரு கையிலருந்து தப்பிச்சு வந்துட்டேன்க்கா. ஒங்க வாயிலருந்து தப்பிக்க இனி எங்குட்டுப் போறது?"

அன்று மத்தியானம் நான் நடத்தவிருந்த பாடம், பாதிக்கப்பட்ட பெண்ணின் இருப்பிடத்தை ரகசியமாக வைத்திருப்பது எப்படி என்பது.