நிஜாம் அண்ணனும் கப்பலின் மூக்கும்

நிஜாம் அண்ணன் இறந்துவிட்டார். முந்தாநாள், கொடைக்கானலில், ஹார்ட் அட்டாக்... நேற்று மதியம் அடக்கம் முடிந்தது.

சென்னையில் கப்பல் டிசைன் செய்யும் ஆபீஸில் எனக்கு சீனியர். எனக்குச் சொந்த ஊர் பழனி, அவர் கொடைக்கானல் பஜார் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. "மலையிலேர்ந்து வந்து கப்பல் வரையிறாங்கப்பா" என்று ஆபீஸே எங்களை ஓட்டும்.

பழைய கப்பல்களின் அடிப்பாகத்தை மாற்றி அமைப்பது எங்கள் வேலை. அதே இன்ஜின்தான், ஆனால் எண்ணெய் குறைவாகக் குடிக்க வேண்டும், வேகமும் கூட வேண்டும்.

ஒருமுறை என்னையும் மனைவியையும் கொடைக்கானல் ஏரியில் பெடல் போட்டில் கூட்டிப் போனார். என் மனைவி போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். இவர் திரும்பி உட்கார்ந்து போட்டின் பின்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏலே, பின்னாடி எப்படிச் சுழிக்குது பாரு. மொட்டையா வெட்டி விட்டிருக்கான். நாம மிதிக்கிறதுல பாதி அந்தச் சுழிக்கே போகுது."

"அண்ணே, ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கோம்ணே..."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல இதப் பாரு." அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் ஒரு சரக்குக் கப்பல் எங்களிடம் வேலைக்கு வந்தது.

கப்பலின் முன்பக்கம், தண்ணீருக்கு அடியில் உருண்டையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கு என்போம். அது சரியாக அமைந்தால் முன்னால் எழும்பும் அலை அடங்கும், எண்ணெய் மிச்சமாகும். புது மூக்கு வரையும் வேலை எனக்கு.

சரக்கு ஏற்றிய கப்பலுக்கு மட்டும் கணக்குப் போட்டேன். சரக்கை இறக்கிவிட்டு அது காலியாகத் திரும்பும், உயரமாக மிதக்கும்... அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

"காலியா வர்றதுக்கும் கணக்கு ஓட்டிப் பாத்துட்டியா?" என்று அண்ணன் கேட்டார்.

"பாத்துட்டேண்ணே" என்றேன். பார்க்கவில்லை. தைப்பூசத்துக்கு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

காலியாக வந்தபோது மூக்கு பாதி வெளியே. ஒவ்வொரு அலைக்கும் டம் டம் என்று அறை. முன்னைவிட எண்ணெய் அதிகம், வேகம் குறைவு.

கப்பலிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் கதவு காற்றில் அடித்தால்கூட உடம்பு தூக்கிப் போடுகிறது.

மீட்டிங்கில் அண்ணன் என் பெயரையே எடுக்கவில்லை. "நான்தான் சரியாப் பாக்கல, தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதோடு அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் பஜார் கடையில் உட்கார்ந்தார். அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்றே நாலைந்து தடவை மலை ஏறினேன். "என்னலே, சோலியெல்லாம் எப்படிப் போகுது?" என்று டீயை நீட்டுவார். குடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

நேற்று தொழுகைக்கு முன்னால் அவர் மகன் அஷ்ரப் எழுந்து நின்றான். இறந்தவருக்காக வீட்டு ஆள் ஒருவர் வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

"அத்தா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க" என்றான். பிறகு ஓரமாக நின்ற என்னைப் பார்த்தான்.

"அங்கிள்... அந்தக் கப்பல் விஷயத்துல அத்தா செஞ்ச தப்பால உங்களுக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். நீங்களும் அவங்கள மன்னிச்சிருங்க."

அப்படியென்றால் வீட்டில்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று... தலையாட்டினேன்.

அஷ்ரப், நீ இதைப் படிப்பாய். அந்த மூக்கை வரைந்தது நான். பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னதும் நான். உன் அத்தா செய்த ஒரே தப்பு என்னை நம்பியது.

உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்கணும்ணே... போயிட்டு வாங்க.