பத்தரைக்கு மேல் என்று சொன்னவன் நான்

ஃபோர்மேன் போடுகிற பிளான் தாளின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருப்பார்: "காலை ஒன்பதுக்குள்ள தூக்கி நிறுத்திடணும்." அதற்குக் கீழே இரண்டு கோடு. கடலூர்ப் பக்கம், கடலை ஒட்டிய ஒரு தொழிற்சாலைக்கு ராட்சத கிரேனால் இரும்புக் கலன்களைத் தூக்கி நிறுத்துவது எங்கள் குழுவின் வேலை. அவர்தான் குழுவுக்குத் தலைவர். நான் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கைச்சைகை காட்டுகிறவன். ரத்த உறவு கிடையாது, ஆனாலும் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ள.

ஒரு கலனைத் தூக்கப் பத்து நாள் இருக்கும்போதே கம்பியை எடுத்துக்கொண்டு தரையைக் குத்திப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கம்பி இறங்குகிற இடத்தில் எல்லாம் இரும்புத் தகடு போடச் சொல்வார். "கிரேன் எவ்ளோ பெருசா இருந்தா என்ன மாப்ள, நிக்கிறது மணல்ல" என்பார். காற்றைப் பற்றித்தான் அவருக்கு ஜாஸ்தி கவலை. பங்குனி வெயிலில் பத்து மணி தாண்டினால் கடல்காற்று கிளம்பிவிடும். உயரமான கலன் மேலே தொங்கும்போது அந்தக் காற்று பட்டால் பாய் கட்டின மாதிரி திரும்பும். பிறகு அதை மனுஷக் கை பிடித்து நிறுத்த முடியாது.

அன்றைக்குச் சனிக்கிழமை. இருந்ததிலேயே நெடிய கலன். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், பூசை போட்டுத்தான் தூக்கணும் என்று முந்தின நாளே சைட் மேனேஜர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை விரதம் இருக்கிறவன், நெற்றியில் நாமத்தோடு வேலைக்கு வருகிறவன் என்று என்னைத்தான் கூப்பிட்டு நேரம் கேட்டார். நான் காலண்டர் தாளைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னேன்: "ஒம்பதுலேர்ந்து ராகுகாலம் சார். பத்தரைக்கு மேல வச்சுக்கலாம்." சிவப்பு மை வரியைப் பார்த்திருந்தும் சொன்னேன். விடிகாலையில் பூசையை முடித்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பெரிய அதிகாரி வந்தபோது பதினொன்றரை. கிரேன் சக்கரப் பட்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம், போட்டோ எடுத்தார்கள். அதற்குள் எல்லார் சட்டையும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மாமா காற்று மீட்டரைக் கொண்டுபோய் மேனேஜர் முகத்துக்கு நேரே காட்டினார். "நாளைக்குக் காலைல தூக்கலாம் சார். காத்துக்கு ராகுகாலம் எல்லாம் தெரியாது."

"பூசை போட்டாச்சு. இனிமே என்னய்யா பயம்? ஐயா நிக்கிறாரு பாரு" என்றார் மேனேஜர்.

"நான் தூக்க மாட்டேன் சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ கை காட்டுப்பா."

காட்டினேன். இந்தக் கையால்தான் காட்டினேன்.

மாமா வெளியே போயிருக்கலாம். போகவில்லை. கலன் திரும்பாமல் இருக்கக் கீழேயிருந்து கயிறு பிடிக்கிற நாலு பேரும் அவர் கூட்டிவந்த ஆட்கள். "இவனுங்கள விட்டுட்டு எங்க போறது" என்று சொல்லிக்கொண்டே அவரும் ஒரு கயிற்றைப் பிடித்தார். கலன் பனைமர உயரம் போனதும் காற்று அதை ஒரே வீச்சில் திருப்பியது. "உடுங்கடா" என்று கத்தினார். நாலு பேரும் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர் கயிறு மட்டும் காலில் சுற்றி, அவரை இழுத்துக்கொண்டுபோய் இரும்புத் தாங்கியில் அடித்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து ஆபீசிலிருந்து விபத்து அறிக்கை என்று ஒரு தாள் வந்தது. "ஃபோர்மேனின் கவனக்குறைவால்" என்று டைப் அடித்திருந்தது. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமே என்று போட்டேன். அந்த ஒரு வார்த்தையால், உட்கார்ந்து பிளான் போடுகிற வேலைக்குக்கூட எந்த சைட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை என்று மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் தெரிந்தது.

பெருமாளைக் கும்பிடாமல் இன்றைக்கும் நான் சோறு தொடுவதில்லை. ஆனால் அந்தப் பெருமாளைக் கொண்டுவந்து கிரேன் முன்னால் நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணையும் காற்று மீட்டரையும் கொடுத்த பிறகும் எங்களுக்கு அவர் என்னதான் செய்வார்? மேனேஜர் இப்போது இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார். அங்கேயும் பூசணிக்காய் உடைத்துக்கொண்டுதான் இருப்பார், பாவி.

போன வாரம் சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்காவிடம், மாமாவின் மனைவியிடம், வாசலிலேயே சொல்லிவிட்டேன், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று. அக்கா கதவை முழுசாகத் திறந்தார். "அவுங்க முழிச்சிதான் இருக்காங்க. அவுங்ககிட்டயே சொல்லு" என்று வழிவிட்டார்.

சொன்னேன். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். "தெரியும் மாப்ள. புள்ளகுட்டிக்காரன், என்ன பண்ணுவ" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. பிறகு, "கவனக்குறைவுன்னு இருக்குதே, அத மட்டும் அடிச்சி உட்டுடு" என்றார்.

அந்தத் தாள் என் கையில் இல்லை. எங்கே போய் அடிப்பேன்? அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் தூக்க வேண்டாம் என்றார். எல்லார் எதிரிலும் சொன்னார். நான் என் காதால் கேட்டேன்.