கலீமுல்லா பாய் தேய்க்காத கம்பி

ராயப்பேட்டை கலீமுல்லா பாய்க்கு ஒரு வியாதி உண்டு. உலோகம் எதைக் கண்டாலும் புளி போட்டுத் தேய்த்துவிடுவார். கண்ணாடி ஊதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது; எங்கள் கல்லூரியில் உடைந்த குடுவைகளையெல்லாம் பதினெட்டு வருஷமாக அவர்தான் ஒட்டித் தந்தார். ஆனால் அந்தப் புளி என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அது 1946. நான் லியோனார்ட், இயற்பியல் கூடத்தில் தற்காலிக உதவியாளன். மின்சாரம் விட்டால் ஊதா நிறத்தில் ஒளிரும் கண்ணாடிக் குழாய் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. புதன்கிழமை அதைக் கீழே போட்டேன். ஒரு முனை கம்பியோடு நொறுங்கியது. தேர்வு நின்றால் என் சீட்டு கிழிந்துவிடும்.

குழாயை ஒட்டுவது பாய்க்குப் பெரிய விஷயமில்லை. மின்சாரம் உள்ளே போவதற்காகப் பதிக்கும் கம்பிதான் தொல்லை. சாதா இரும்பென்றால் ஆறும்போது கண்ணாடி விரிசல் விடும். பழைய ராணுவ ரேடியோ வால்வுகளில் உள்ள கம்பி அப்படியல்ல. இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்தது. கண்ணாடி விரியும் அளவே விரியும், சுருங்கும் அளவே சுருங்கும். மூர் மார்க்கெட்டில் நாய் மாதிரி அலைந்து மூன்று துண்டு பிடித்தேன்.

பாய் தன் வீட்டுப் பட்டறையில் முதல் துண்டைத் தணலில் சுட்டு, புளியால் பளபளவென்று தேய்த்துப் பதித்தார். விரிசல் இல்லை. ஆனால் ஊதித் தண்ணீரில் அமுக்கினால் கம்பியோரம் குமிழி; காற்று கசிகிறது. இரண்டாவதும் அதே கதை.

வெள்ளிக்கிழமை மூன்றாவதைத் தணலில் போட்டவர், பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் ஜும்ஆ தொழுகைக்கு ஓடினார். திரும்புவதற்குள் அது சாம்பல் நிறமாகிக் கிடந்தது.

“புளி கொண்டா” என்றார்.

“புளிக்கு எங்க போறது? மீன் கொழம்புல போட்டாச்சு” என்றார் உள்ளிருந்து அவர் மனைவி ஜமீலுன்னிசா.

கடைக்குக் கிளம்பியவரை மறித்தேன். உள்ளே காற்று இருந்தால் குழாய் ஒளிராது; ஒட்டிய பிறகு அதை உறிஞ்சி எடுக்கவே பல மணி நேரமாகும். “அப்படியே வைங்க, பாய்.”

“அழுக்குக் கம்பியவா? இன்னா சார் நீ, நம்ம கையால அத்த செய்யறதா” என்று முணுமுணுத்துக்கொண்டே பதித்தார்.

தண்ணீரில் அமுக்கினோம். ஒரு குமிழி இல்லை. அந்தச் சாம்பல் படலத்தைத்தான் கண்ணாடி கவ்விப் பிடிக்கிறதென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்க்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை குழாய் ஜம்மென்று ஒளிர்ந்தது. தேர்வு நடந்தது, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாலையில் பாயை அழைத்துவந்து இருட்டறையில் காட்டினேன். இப்படியொரு குழாய் ஒளிர்வதை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை. முகம் மலர நெடுநேரம் நின்றவர், பிறகு மெல்லக் குனிந்தார்.

“எல்லாம் சோக்கா கீது சார். இந்த முனை மட்டும் அழுக்கா கீது. கயட்டிக் குடு, தேச்சிக்கினு வந்துடறேன்.”

குழாய்க்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். “நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்க, பாய்” என்றேன்.